ஸ்டிக்கர் கொடுத்தால்தான் உதவுகிறான், என்ன செய்வது?

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. பிறருக்கு உதவ வேண்டும், தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று பழக்குவதற்காக ஓர் அட்டவணை போட்டு, ஒவ்வொரு நல்ல செயலுக்கும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினேன். முதல் வாரம் ஓடி ஓடிச் செய்தான். இப்போது "ஸ்டிக்கர் தருவியா?" என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறான். பூமி சூடாவது பற்றி ஒரு வீடியோ காட்டினேன், அன்று இரவெல்லாம் பயந்து அழுதான். எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: முதலில் ஸ்டிக்கரை நிறுத்திவிடுங்கள். உதவும் ஆசை அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டோமசெல்லோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஒரு சோதனை இது. பெரியவர் ஒருவர் கையிலிருந்த பொருளைக் கீழே போட்டுவிட்டு, எட்டவில்லையே என்று தவிப்பார். 18 மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவை யாரும் சொல்லாமலே போய் எடுத்துக் கொடுத்தன. 2008-ல் அவர்களே 20 மாதக் குழந்தைகளிடம் இன்னொன்றைப் பார்த்தார்கள். உதவியதற்குப் பரிசுப் பொருள் வாங்கிப் பழகிய குழந்தைகள், பரிசு நின்றதும் மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவின. வாயால் பாராட்டப்பட்ட குழந்தைகளிடம் அந்தச் சரிவு இல்லை.

அப்படியானால் ஸ்டிக்கருக்குப் பதில் என்ன? நடந்ததைச் சொல்லுங்கள். "நீ கண்ணாடியைத் தேடிக் கொடுத்ததால் பாட்டி இப்போது படிக்கிறார், பார்" என்றால் போதும். தன் கை பட்டு இன்னொருவருக்கு ஒன்று நடந்தது என்று அவன் கண்ணால் பார்க்க வேண்டும். "நல்ல பிள்ளையாக இரு" என்பது அந்த வயதுக்குப் பிடிபடாது.

பூமி விஷயமும் அப்படித்தான். "தண்ணீரைச் சேமி" என்று நூறு முறை சொல்வதைவிட, அவன் பல் துலக்கும்போது குழாயின் கீழே ஒரு வாளியை வைத்து, ஒரே ஒரு நாள் திறந்தபடியே விடுங்கள். நிமிடத்துக்கு 6 லிட்டர் வரும் குழாய் என்றால் இரண்டு நிமிடத்தில் 12 லிட்டர். அந்த வாளியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், அவனால் அசைக்கக்கூட முடியாது. அப்புறம் அதை ஒரு குவளையால் மொண்டு மொண்டு செடிகளுக்கு ஊற்றட்டும். எத்தனை நடை நடக்கிறான் என்று எண்ணச் சொல்லுங்கள். மறுநாள் குழாயை மூட நீங்கள் அநேகமாக நினைவூட்ட வேண்டியிருக்காது.

சாப்பாட்டில் ஒரே பழக்கம் போதும்: கொஞ்சமாகப் போட்டுக்கொண்டு, வேண்டுமானால் மறுபடி கேட்பது. 2022-ல் உலகில் வீணான உணவு சுமார் 105 கோடி டன் என்றும், அதில் 60 சதவீதம் வீடுகளில்தான் வீணானது என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் அறிக்கை சொல்கிறது. இந்தக் கணக்கு உங்களுக்கு, அவனுக்கு வேண்டாம்.

எனக்கு மனம் வருந்தும் இடம் ஒன்று உண்டு. மூன்று வயதில் பிள்ளை துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு வரும். நாம் அவசரத்தில் "போய் விளையாடு" என்று விரட்டுவோம். ஏழு வயதில் அதே பிள்ளையைக் கூப்பிட்டு, "ஒரு வேலையும் செய்வதில்லை" என்று குறைப்படுவோம். துணி மடிப்பது கோணலாகத்தான் வரும், தண்ணீர் சிந்தத்தான் செய்யும். அவன் செய்ததை அவன் எதிரிலேயே நீங்கள் திருத்திச் செய்யாதீர்கள். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும், ஆகட்டும்.

வீடியோவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எங்கோ எரியும் காடு இன்றிரவே தன் வீட்டுக்கு வந்துவிடும் என்றுதான் நான்கு வயதுக்குத் தோன்றும். அவனாகக் கேட்டால் பொய் சொல்ல வேண்டாம்: "ஆமாம், பூமி கொஞ்சம் சூடாகிறது. அதைச் சரிசெய்யப் பெரியவர்கள் நிறைய பேர் உழைக்கிறார்கள். நாம் இங்கே பத்திரமாக இருக்கிறோம்." அதோடு, அவன் நேசிக்க ஏதாவது கொடுங்கள். ஒரு விதை முளைப்பதைத் தினமும் பார்க்கட்டும், எறும்பு வரிசையின் பின்னாலேயே போகட்டும். பயம் வாரக்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஸ்டிக்கரை நிறுத்தியதும் சில நாள் முரண்டு பிடிப்பான், அதற்குத் தயாராக இருங்கள். பழைய அட்டவணையை அவன் முன்னால் கிழிக்காதீர்கள், அதில் இருப்பதெல்லாம் அவன் சம்பாதித்தவை. "இது நிறைந்துவிட்டது, இனி நாம் சேர்ந்தே செய்யலாம்" என்று சொல்லி அவனிடமே கொடுத்துவிடுங்கள்.