வசைக்கு எது மறுமொழி?

கேள்வி: இஸ்லாத்தையும் நபிகளாரையும் இழித்துப் பேசுவோருக்கு ஒரு முஸ்லிம் எவ்வாறு பதிலளிக்க வேண்டும்?

பதில்: ஐயம் எழுப்பி விமர்சிப்பவருக்கு, திருக்குர்ஆன் 16:125 கூறுவது போல, விவேகத்துடனும் அழகிய முறையிலும் விளக்கமளிப்பது நமது கடமை. கேலி செய்யும் சபையிலிருந்து, அவர்கள் வேறு பேச்சுக்குத் திரும்பும் வரை, விலகியிருக்குமாறு 4:140 பணிக்கிறது. சிலர் நபியவர்களிடம், ‘உங்கள் மீது அமைதி உண்டாகட்டும்’ என்னும் ஸலாமைத் திரித்து, ‘உமக்கு மரணம் உண்டாகட்டும்’ என்று பொருள்படக் கூறியபோது, சினந்து அவர்களைச் சபித்த தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களிடம், அல்லாஹ் எல்லாக் காரியங்களிலும் மென்மையையே விரும்புகிறான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அப்படிக் கூறியவர்களுக்கு, ‘உங்கள் மீதும்’ என்பதற்கு மேல் நபியவர்கள் எதுவும் சொல்லவில்லை. நபியவர்களுக்காகப் பேசுகிறோம் என்று சொல்லிக்கொண்டு, அவர்கள் தடுத்ததையே நாம் செய்வதுதான் எனக்குப் பெரும் வேதனை அளிக்கிறது. பழிக்குப் பழியாகப் பிறர் வணங்குபவற்றை ஏசுவதையும், அவர்கள் அறியாமையால் அல்லாஹ்வை ஏசக்கூடும் என்ற காரணத்தைச் சொல்லியே, 6:108 வசனம் வெளிப்படையாகத் தடுத்துள்ளது.