வேலைக்குப் போய்க்கொண்டே பிஎம்பி (செயற்றிட்ட முகாமையாளருக்கான சர்வதேசச் சான்றிதழ்) பரீட்சைக்கு எப்படித் தயாராவது?

யாழ்ப்பாணத்தில் தொண்டு நிறுவனமொன்றில் வேலை, பட்டம் இருக்கிறது, பின்னேரங்களில்தான் படிக்க நேரம் என்று கேட்டிருக்கிறீர்கள். சரி. முதலில் தகுதியைப் பாருங்கள்: பட்டதாரிக்கு செயற்றிட்டங்களை வழிநடத்திய 36 மாத அனுபவமும் 35 மணிநேரப் பயிற்சியும் வேண்டும். அனுபவம் காணாவிட்டால் அதே துறையின் தொடக்கநிலைச் சான்றிதழான சிஏபிஎம் எழுதலாம்; அதற்கு 23 மணிநேரப் பயிற்சி போதும்.

2021இல் மாற்றிய பிஎம்பி பரீட்சை அமைப்பில் 180 கேள்விகள், 230 நிமிடங்கள். ஒரு கேள்விக்கு ஏறக்குறைய 77 வினாடி. விண்ணப்பிக்கும்போது நடப்புப் பாடத்திட்டத்தை ஒருக்கால் பாருங்கள்.

ஏ.எல். போல பாடமாக்கினால் இங்கே சரிவராது. கேள்விகள் பெரும்பாலும் "இந்த நிலைமையில் அடுத்து என்ன செய்வீர்கள்?" என்ற மாதிரித்தான். கொக்குவிலில் ஒரு வீடு கட்டுகிறீர்கள் என்று வையுங்கள். பாதி வேலை முடிந்தபின் வீட்டுக்காரர் இன்னொரு அறை கேட்கிறார். எங்கள் மேசன் "செய்து தாறன் ஐயா" என்பார். முதல் மாதிரிப் பரீட்சையில் எனக்கும் மேசனின் புத்திதான்! சரியான விடை வேறு: செலவுக்கும் காலத்துக்கும் என்ன தாக்கம் என்று முதலில் கணிக்க வேண்டும், பிறகு மாற்றக் கோரிக்கை, அனுமதி கிடைத்தபிறகே கல் வைப்பது.

ஆகவே மாதிரிக் கேள்விகளுக்கே கூடிய நேரம் கொடுங்கள். பிழைத்த ஒவ்வொன்றுக்கும் ஏன் பிழை என்று கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள்.

இணையவழியாக வீட்டிலிருந்தும் எழுதலாம். ஆனால் அறைக்குள் வேறு எவரும் வரக்கூடாது. அம்மா தேத்தண்ணியோடு வந்தாலும் சிக்கல்தான். நான் கொழும்புக்கு பஸ் ஏறினேன்.