பழைய டொயோட்டா ஹைலக்ஸ் ஃபோர் வீல் பிக்கப்: இன்ஜின் ஓடுகிறது, கியர் விழுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. எங்கே கோளாறு?

முதலில் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) லீவர் நியூட்ரலில் நிற்கிறதா பாருங்கள். சிரிக்காதீர்கள், நடப்பதுதான்.

அப்புறம் முன் சக்கர ஹப்களை (சக்கரத்தை ஆக்ஸிலோடு இணைக்கும் நடுப்பகுதி) லாக் செய்து, ஃபோர் வீலில் போட்டு கிளட்சை மெதுவாக விடுங்கள். நகர்ந்தால் கிளட்சும் கியர்பாக்ஸும் சரி, கோளாறு பின்பக்கம். மறுபடி டூ வீலுக்கு மாற்றி, சக்கரங்களுக்கு அடை வைத்து, ஒருவரை கியர் போடச் சொல்லிவிட்டுத் தள்ளி நின்று பின் ஆக்ஸிலுக்கு இழுவையைக் கொண்டுபோகும் ஷாஃப்டைப் பாருங்கள். ஷாஃப்ட் சுற்றியும் சக்கரம் அசையவில்லையென்றால் கோளாறு ஆக்ஸிலில், அல்லது அந்த இழுவையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரிக்கும் டிஃபரன்ஷியலில். சாதாரண டிஃபரன்ஷியலில் ஒரு பக்க ஆக்ஸில் உடைந்தாலே இரண்டு சக்கரத்துக்கும் இழுவை போய்விடும். டிஃபரன்ஷியல் ஆயிலை வடித்துப் பாருங்கள்: மெல்லிய சாம்பல் நிறப் பசை வெறும் தேய்மானம்; பல் துண்டு விழுந்தால் கிரவுன், பினியன் (டிஃபரன்ஷியலின் பெரிய, சிறிய பல்சக்கரங்கள்) செலவுக்குத் தயாராகுங்கள்.

ஃபோர் வீலிலும் நகரவில்லையென்றால் கிளட்சிலிருந்து தொடங்குங்கள்.