கட்டைக்கோரையும் நானோ துகளும் – வாசகர் கடிதம்

வணக்கம் ஐயா,

மண்டபம் கரையில் பாசி எடுத்துப் பிழைக்கும் என் சித்திக்கு நுரையீரலில் புற்றுநோய். மருத்துவர் இம்யூனோதெரபி ஊசி (உடலின் நோயெதிர்ப்பைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கும் சிகிச்சை) தொடங்கியிருக்கிறார். கட்டைக்கோரைப் பாசியிலிருந்து செய்யும் நானோ துகள்கள் இந்தச் சிகிச்சைக்கு வலுவூட்டும் என்று ஒரு காணொளியில் கேட்டதிலிருந்து, அதைக் காய்ச்சிக் குடிக்கலாமா என்று கேட்கிறார். என்ன சொல்லட்டும்?

– வாசகி, மண்டபம்

அன்புள்ள வாசகிக்கு,

சித்தி அதைக் குடிக்க வேண்டாம். காணொளி சொன்னது முழுப் பொய்யன்று என்பதால்தான் காரணத்தை விரிவாக எழுதுகிறேன்.

கட்டைக்கோரை ஒரு பழுப்புக் கடற்பாசி. அதில் அல்ஜினேட் என்னும் பாலிமர், அதாவது சங்கிலி போல நீண்ட மூலக்கூறு, இருக்கிறது. அல்ஜினேட் கரைசலைக் கால்சியம் கலந்த நீரில் சொட்டுச் சொட்டாக விட்டால் வெந்த ஜவ்வரிசி போல உருண்டு திரளும்; அந்தக் குணத்தைக் கொண்டே மருந்தை அடைத்து வைக்கும் துகள்களை ஆய்வகங்களில் செய்கிறார்கள். பாலிமர் அங்கே மருந்தைச் சுமக்கும் கூடு மட்டுமே. வெறுங்கூட்டைக் காய்ச்சிக் குடித்தால் கட்டி கரையாது.

கூடு எதற்கு? நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களான நம் டி செல்களின் மீது புற்றுநோய் போட்டுவைத்திருக்கும் தடையை நீக்குவதே இம்யூனோதெரபி ஊசிகளில் பெரும்பாலானவற்றின் வேலை. இவ்வழியைத் திறந்த ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோன்ஜோவும் 2018-இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் தடை நீங்கிய பிறகும் பலருடைய கட்டிகளுக்குள் டி செல்கள் போதிய அளவு நுழைவதில்லை. அவற்றை வரவழைக்க, செல்லுக்குள் இருக்கும் ‘ஸ்டிங்’ என்ற புரதத்தைத் தூண்டும் மூலக்கூறுகள் ஆராயப்படுகின்றன. மின்னேற்றம் கொண்ட அவை செல்லின் சவ்வை எளிதில் கடப்பதில்லை. இரத்தத்தில் பரவினாலோ உடலெங்கும் அழற்சியை மூட்டக்கூடும். அமிலத்தில் பிரியும்படி வடிவமைத்த, சுமார் 100 நானோமீட்டர் அளவுள்ள பாலிமர் துகளில் அவற்றை அடைத்தால், செல் அத்துகளை விழுங்கியதும் உள்ளிருக்கும் அமிலத்தன்மையில் கூடு பிரிந்து மருந்து உரிய இடத்தில் இறங்குகிறது. மிகுந்த நம்பிக்கை தரும் நுட்பம் இது.

எனினும் இதில் பெரும்பகுதி இன்னும் எலிகளிடம் நடக்கும் ஆய்வுதான். செலுத்திய நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைவது நடுமதிப்பாக 0.7 விழுக்காடு மட்டுமே என்று 2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது. பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன.

பாசிக் கஷாயத்தில் வேறொரு கேடும் உண்டு. பழுப்புப் பாசிகளில் அயோடின் மிகுதி; அளவு மீறினால் அது தைராய்டு சுரப்பியைக் குலைக்கக்கூடும். இம்யூனோதெரபியோ சிலருக்குத் தைராய்டைப் பாதிக்கும். இரண்டும் சேர்ந்தால் கோளாறு எதனால் வந்தது என்று மருத்துவரே குழம்ப நேரிடும்.

சித்திக்கு வயிற்றுப்போக்கோ புதிதாக மூச்சுத்திணறலோ வந்தால், அது ஊசியின் பக்கவிளைவாக இருக்கலாம் என்பதால், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்க விடாதீர்கள். ஊசி போட்ட மருத்துவரிடம் அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள்.