சிறு விமானத்தில் எரிபொருள் இறக்குவது, ஏற்றுவது: கேளுங்கள், சொல்கிறேன்

சிறு விமானப் பராமரிப்பு என் வேலை, பெரும்பாலும் செஸ்னா 172. டேங்கைக் காலி செய்வது, நிரப்புவது பற்றி மட்டும் கேளுங்கள்.

பல்லாவரம் அன்பர்: டேங்கில் கசிவு. முழுசா இறக்கணும். எங்கே ஆரம்பிப்பது?

விமானத்தை ஹேங்கரை (விமானக் கொட்டகையை) விட்டு வெளியே தள்ளுவதில். ஆவ்காஸ், அதாவது பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கான பெட்ரோல்; அதன் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து எங்கோ ஓடும் கிரைண்டரின் பொறி வரை போய்விடும். மாஸ்டர் ஸ்விட்சை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, தீயணைப்பானைப் பக்கத்தில் வையுங்கள். அப்புறம் பாண்டிங், ஸ்டாட்டிக் மின்சாரம் பொறியாகத் தெறிக்காமல் இருக்க: விமானத்தின் பெயின்ட் இல்லாத உலோகத்தையும் இரும்பு ட்ரம்மையும் கம்பியால் இணைத்த பிறகுதான் வால்வில் கை வைக்க வேண்டும். பெயின்ட் மேல் கவ்விய கிளிப்பும் மாட்டாத கிளிப்பும் ஒன்றுதான். காலி டேங்க்தானே என்று அலட்சியமும் வேண்டாம், உள்ளே காற்றும் ஆவியும் கலந்து நிற்கும், நிறைந்த டேங்கைவிட அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

தாம்பரம்: பிளாஸ்டிக் கேனில் இறக்கலாமா?

கூடாது. ஸ்டாட்டிக் மின்சாரம் தேங்கும், கிளிப் மாட்டினாலும் வெளியேற வழியில்லை.

பயிற்சி மாணவி: ஐப்பசி மழையில் வெளியே நின்ற விமானம். டேங்கின் அடியிலிருந்து சாம்பிள் கப்பில் எடுத்துப் பார்த்தால், ஆவ்காஸையும் தண்ணீரையும் பிரிக்கும் கோடே இல்லை, தண்ணீர் இல்லைதானே?

கோடு இல்லையென்றால் கப் முழுக்க ஆவ்காஸாக இருக்கலாம், முழுக்கத் தண்ணீராகவும் இருக்கலாம். 100எல்எல் என்ற ஆவ்காஸ் வகை வெளிர்நீலம், தண்ணீர் நிறமற்றது. வானத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் தண்ணீரும் நீலமாகத்தான் தெரியும், அதனால் வெள்ளைப் பின்னணியில் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். இறக்கையை மெல்ல ஆட்டி, சற்று நேரம் விட்டு, மறுபடி எடுங்கள். 172எஸ் மாடலில் சாம்பிள் வடிக்கும் ட்ரெயின் வால்வுகள் 13, ஒன்றையும் விடாதீர்கள். டேங்க் மூடியின் ஓ-ரிங்கை நகத்தால் அழுத்திப் பாருங்கள், கடினமாகியிருந்தால் மழை அந்த வழியாகத்தான் இறங்கியது.

போரூர்: ஆவ்காஸ் விலை தாங்கவில்லை. பங்க் பெட்ரோல் போட்டால்?

உங்கள் எஞ்சினுக்கும் விமானத்துக்கும் அனுமதி இருந்தால் ஒழிய வேண்டாம். இப்போது பங்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ரப்பர் சீலைக் கெடுக்கும், நம்ம ஊர் ஈரத்தையும் உறிஞ்சும்.

அதே போரூர்: மைக்ரோலைட்காரர்கள் போடுகிறார்களே!

மைக்ரோலைட்களில் வரும் ரோடாக்ஸ் 912 எஞ்சினுக்கு இ10 (10 சதவீதம் எத்தனால்) வரைதான் அனுமதி சார், பங்கில் இருப்பது இ20. 10-க்கும் 20-க்கும் நடுவில் என்ன பேரம்?

வேளச்சேரி: போரூர் சார் சொல்வது சரி, என் பைக் இ20-இல் நன்றாகத்தான் ஓடுகிறது.

பைக் நின்றால் ஓரங்கட்டலாம். மேலே எந்த ஓரத்தில் நிறுத்துவீர்கள்? இறக்குமதியையே நம்பியிருந்த காலம் போய், 2022-இல் இந்தியன் ஆயில் வதோதராவில் தயாரான ஆவ்காஸை அறிமுகப்படுத்திவிட்டது. இந்தப் பேச்சு போதும்.

கிண்டி: பௌசரில் (எரிபொருள் லாரியில்) ஆவ்காஸுக்குப் பதில் ஜெட் ஏ-1 என்ற ஜெட் எஞ்சின் எரிபொருள் வந்தால் கண்டுபிடிப்பது எப்படி?

வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு. ஆவ்காஸ் சீக்கிரம் ஆவியாகிவிடும், ஜெட் எண்ணெய் எண்ணெய்க்கறையாக நிற்கும். பிஸ்டன் எஞ்சினில் அது போனால் டெட்டனேஷன், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது; பிஸ்டனிலேயே ஓட்டை விழும். ஏற்றும்போதும் முதலில் கிளிப், பிறகுதான் மூடி. கிளிப்பைக் கழற்றுவது கடைசியில்.

அனகாபுத்தூர்: பிளாஸ்டிக் கேன்...

மேலே பாருங்கள்.

சேலையூர்: பைலட் லைசென்ஸ் எடுக்க எவ்வளவு ஆகும்?

நான் ஸ்பானர் பிடிப்பவன், பறப்பவர்களைக் கேளுங்கள்.

குரோம்பேட்டை: இறக்கியதையே திரும்ப ஊற்றலாமா?

சுத்தமான, மூடிய, ஆவ்காஸ் தவிர வேறெதுவும் பார்க்காத ட்ரம் என்றால், வடிகட்டி ஊற்றலாம். முன்பு அதில் என்ன இருந்தது என்று தெரியாவிட்டால் வேண்டாம். நிரப்பியதும் கேஜை நம்பாமல் குச்சி விட்டு அளந்து, எல்லா ட்ரெயினிலும் புதிதாகச் சாம்பிள் எடுங்கள்.