மினியேச்சர் பொம்மைகளுக்கு வண்ணமடிக்க, விலை குறைவான பிரஷ் எது?

28 மி.மீ. உயரப் போர்வீரனுக்குக் கண் வரைய வேண்டும் என்றதும் எல்லோரும் மிக நுண்ணிய 000 சைஸ் பிரஷ்ஷைத் தேடி ஓடுகிறார்கள், அங்கேதான் காசு வீணாகிறது. அதில் நிற்பதே ஒரு துளி பெயின்ட், அது பொம்மையைத் தொடுவதற்குள் முனையிலேயே காய்ந்துவிடும். கூர்மையான முனையுள்ள 1 அல்லது 2 சைஸ் ரவுண்டு பிரஷ் ஒன்று போதும், கண் உட்பட முக்கால்வாசி வேலை அதிலேயே முடியும்.

சைபீரியாவில் வாழும் கோலின்ஸ்கி என்ற சிறு விலங்கின் வால்முடியில் செய்ததுதான் உயர்ந்த ரகம், விலையும் அப்படியே. பழகும்வரை அது வேண்டாம். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் செயற்கை இழை பிரஷ்ஷே போதும். கடையில் எல்லாமே கூர்மையாகத்தான் தெரியும், ஏனென்றால் முனையில் பசை தடவி வைத்திருப்பார்கள். முடிந்தால் கடைக்காரரிடம் கேட்டு, பசையைக் கழுவிவிட்டு ஒரு உதறு உதறிப் பாருங்கள், முடி ஒன்றாகச் சேர்ந்து நின்றால் வாங்கலாம்.

செயற்கை இழையின் முனை சீக்கிரம் கொக்கி மாதிரி வளையும், அது அதன் குணம். அதைத் தூக்கிப் போடாமல் பெயின்ட் கலக்க வைத்துக்கொள்ளுங்கள். டிரை பிரஷ் வேலைக்கு, அதாவது பெயின்ட்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்டு மேடான இடங்களில் மட்டும் லேசாகத் தேய்ப்பதற்கு, மலிவான மேக்கப் பிரஷ்ஷே அருமையாக இருக்கும் (வீட்டில் யாருடையதையும் கேட்காமல் எடுத்துவிடாதீர்கள்).

அப்புறம், முடியைப் பிடித்திருக்கும் உலோகக் குழாய்வரை பெயின்ட்டில் முக்காதீர்கள். உள்ளே அக்ரிலிக் பெயின்ட் காய்ந்தால் முடி விரிந்துவிடும், பிறகு எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் துடைப்பம்தான்.