ஐரோப்பாவுக்குப் போகும் டி-ஷர்ட்டுக்கும் பாஸ்போர்ட்டா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 'டிஜிட்டல் தயாரிப்புப் பாஸ்போர்ட்' திருப்பூர் ஏற்றுமதியாளரை எப்படிப் பாதிக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்கான சட்டம் 2024 ஜூலை 18 அன்றே அமலுக்கு வந்துவிட்டது. 2009-இன் பழைய விதி ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று ஆற்றல் சார்ந்த பொருட்களோடு நின்றது. புதியது உணவு, மருந்து போன்ற சிலவற்றைத் தவிர கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஒரு பொருள் எவ்வளவு நாள் உழைக்க வேண்டும், பழுது பார்க்க முடியுமா, மறுசுழற்சிப் பொருள் எவ்வளவு என்பதையெல்லாம் பொருள்வாரியாக வரும் தனி விதிகள் சொல்லும். முதல் வரிசையிலேயே இரும்பு, டயர், மெத்தையோடு ஆடையும் இருக்கிறது.

பாஸ்போர்ட் என்பது க்யூஆர் கோடு போன்ற ஓர் அடையாளம். ஸ்கேன் செய்தால் பொருளின் விவரம் வரும். சரி, சிக்கல் எங்கே? கோடு அச்சடிப்பது சுலபம்; அதற்குள் போடும் விவரத்தைத் திரட்டுவதுதான் கஷ்டம். நூல் ஒரு மில்லில், நிட்டிங் ஓரிடத்தில், சாயம் வேறு பட்டறையில், பிரிண்டிங் இன்னொருவரிடம் என்று ஜாப் ஒர்க்கில், அதாவது வேலையை வெளியே கொடுத்து வாங்குவதில், ஓடும் ஊர் திருப்பூர். ஒவ்வொரு தொகுதிக்கும் தரும் லாட் நம்பர் பாதி வழியில் டெலிவரி சலானோடு காணாமல் போய்விடும். என்னைக் கேட்டால், சாஃப்ட்வேர் வாங்கும் முன் சாயப்பட்டறை வரை லாட் நம்பரைத் தொடர்ந்து எழுதப் பழகுங்கள்.

அப்புறம், இதே சட்டத்தில் விற்காத துணியை அழிக்கக் கூடாது என்ற தடை 2026 ஜூலை 19 முதல் பெரிய நிறுவனங்களுக்கு. அது அங்கே விற்கும் பிராண்டின் தலைவலி.